புளூகிராஸையும் கன்ட்ரி இசையையும் ஒரே பாட்டில் இணைத்தல்: வன்னியின் இளம் இசைக்குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க நாட்டுப்புற மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசை நமக்குப் புதிதன்று. அதன் பாடகர் ஜிம் ரீவ்ஸின் குரலை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். நத்தார் காலத்தில் அவருடைய பாடல்கள் இலங்கையெங்கும் ஒலிப்பதை யாரும் கேட்கலாம். அதே குடும்பத்தின் மற்றொரு கிளையான புளூகிராஸ்தான் இங்கு அதிகம் அறியப்படாமல் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்துத் தமிழில் சொந்தப் பாட்டொன்றை ஆக்க விரும்பும், மூன்று முதல் ஐந்து பேர் வரையான குழுவுக்காக இக்குறிப்பை எழுதுகிறேன். கிற்றாரில் தடுமாறாமல் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) மாற்றத் தெரிந்த ஒருவரேனும் குழுவில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டிலும் பாதிப் பாதி எடுத்துச் சேர்த்தால் பெரும்பாலும் இரண்டுமே கெட்டுவிடும். பாட்டை நகர்த்தும் விசையைப் புளூகிராஸிலிருந்து முழுமையாக எடுத்துக்கொண்டு, பாட்டைக் கேட்பவரிடம் கொண்டுசேர்க்கும் வடிவத்தைக் கன்ட்ரியிலிருந்து முழுமையாக எடுத்துக்கொள்வதே பயன்தரும் வழி. கீழே சொல்லப்படுவனவெல்லாம் இந்த ஒரு பிரிப்பிலிருந்தே வருகின்றன.

இரண்டு கிளைகளும் பிரிந்த இடம்

புளூகிராஸ் என்ற பெயர், கென்டக்கி மாநிலத்தவரான பில் மன்றோ தம் குழுவுக்கு வைத்த ‘புளூ கிராஸ் போய்ஸ்’ என்ற பெயரிலிருந்து வந்தது. 1939இல் நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஒப்ரி வானொலி நிகழ்ச்சியில் இடம்பெற்ற அக்குழுவில், 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தம் மூன்று விரல் பாஞ்சோ வாசிப்போடு சேர்ந்தபோது, இன்று நாம் புளூகிராஸ் என்று அறியும் ஓசை உருவானது. மண்டலின், பாஞ்சோ, கிற்றார், ஃபிடில் (நாட்டுப்புற நடையில் வாசிக்கும் வயலின்), நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய பேஸ் ஆகிய ஐந்தும் அதன் கருவிகள். டிரம்ஸ் கிடையாது. தாளத்தைக் காப்பது மண்டலின்: இடக்கை விரல்களால் தந்திகளை அழுத்தி, வலக்கை அடித்த மறுகணமே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒலி ‘சக்’ என்று அறுபடும். நான்கு அடிகளில் 1, 3 ஆகியவற்றில் பேஸும், 2, 4 ஆகியவற்றில் இந்த அறுபட்ட ஒலியும் விழுவதே புளூகிராஸின் நாடி.

1950களின் பிற்பகுதியில் ரொக் அண்ட் ரோல் இசைக்கு இளைஞர்கள் ஈர்க்கப்பட்டபோது, நாஷ்வில் தயாரிப்பாளர்களான செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்றோர் கன்ட்ரி பாட்டிலிருந்து ஃபிடிலையும் பாஞ்சோவையும் ஒதுக்கி, வயலின் குழுவையும் பின்னணிப் பாடகரையும் குரலுக்குப் பின்னால் மெத்தென்று விரித்தார்கள். நம் மூத்தோர் கேட்ட ஜிம் ரீவ்ஸின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகள் இந்தப் பாணியைச் சேர்ந்தவை. அங்கே குரலும் கதையும் முன்னால் நிற்கும்; கருவிகள் வழிவிட்டு நிற்கும். ஆகவே நாம் இணைக்கப்போவது ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, சந்தைக்காகப் பிரிக்கப்பட்ட இரண்டை.

முன்மாதிரியாக ஒருவரைக் கேளுங்கள்

பலருடைய பாடல்களைக் கலந்து கேட்பதைவிட ரிக்கி ஸ்காக்ஸ் ஒருவரைக் கூர்ந்து கேட்பது பயன்தரும். 1954இல் கென்டக்கியில் பிறந்த இவர், சிறுவயதிலேயே மண்டலின் ஏந்தி, 1970களின் தொடக்கத்தில் ரால்ஃப் ஸ்டான்லியின் குழுவில் பழைய மலைநாட்டுப் பாணியைப் பயின்று, அதே பத்தாண்டின் இறுதியில் எம்மிலூ ஹாரிஸின் கன்ட்ரி குழுவில் வாசித்தார். 1981இல் பெரிய நிறுவனமொன்றின் வழியே வெளியான இசைத்தொகுப்போடு மைய ஓட்டத்துக்கு வந்தவர், மறு ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த ஆண் பாடகர் விருதையும், 1985இல் அதன் மிக உயர்ந்த விருதான ஆண்டின் சிறந்த கலைஞர் விருதையும் பெற்றார்.

அவர் செய்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், செய்வதுதான் கடினம். பழைய புளூகிராஸ் பாடல்களை எடுத்தார். மேற்குரலையும் மண்டலினையும் ஃபிடிலையும் அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் டிரம்ஸ், மின் பேஸ், பெடல் ஸ்டீல் (கிடையாக வைத்து, மிதிகளோடு வாசிக்கும் மின் கிற்றார்) ஆகியவற்றை விரித்தார். ஃபிடில் வாசிக்க அவர் சேர்த்துக்கொண்ட பொபி ஹிக்ஸ், 1950களில் மன்றோவின் குழுவிலேயே இருந்தவர். மன்றோ தம் ஃபிடில் வாசிக்கும் மாமாவைப் பற்றி ஆக்கி 1950இல் பதிவுசெய்த ‘அங்கிள் பென்’ பாடலை ஸ்காக்ஸ் மீண்டும் பாட, 1984இல் அது அமெரிக்கக் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது.

உங்கள் முதற் பயிற்சி இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது. முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை 2, 4 ஆகிய அடிகளில் ஒலிப்பது யாருடைய கருவி என்று கவனியுங்கள். மூன்றாம் முறை, பாடகர் வாய்திறந்திருக்கும்போது எத்தனை கருவிகள் ஒதுங்குகின்றன என்று எண்ணுங்கள். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது, காதொலிப்பானை மாட்டிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் கருவிகளை வைத்து

ஐந்து தந்திப் பாஞ்சோ நம் பக்கத்தில் எளிதில் கிடைக்காது. பைலா இசையில் பழகிய நான்கு தந்திப் பாஞ்சோவை இதற்கு மாற்றாக வாங்கிவிட வேண்டாம். கட்டை விரல் இடையிடையே மீட்டும் குறுகிய ஐந்தாம் தந்தி இல்லாமல் ஸ்க்ரக்ஸின் ஓசை வராது. அதற்குப் பதிலாக, இரண்டாவது கிற்றாரில் அந்த விரல் ஓட்டத்தைப் பழகலாம். மேடைக்கு அது போதும்.

அந்த ஓட்டம் நமக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு. கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல் என்று வரிசையாக இரண்டு முறை மீட்டி, கட்டை விரல், நடு விரல் என்று முடித்தால் எட்டு ஒலிகள் வரும். அதாவது தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு என்ற இந்தப் பிரிப்பு, நான்கடித் தாளத்தின் மேல் ஏறி இறங்குவதால்தான் பாஞ்சோ எப்போதும் முன்னால் ஓடுவதுபோல் கேட்கிறது. மிருதங்கம் பயின்ற ஒருவர் அருகில் இருந்தால் அவரை வாயால் சொல்லச் சொல்லி, கால் நான்கடியைத் தட்ட, விரல் எட்டையும் மீட்டட்டும். மெதுவாகத் தொடங்குங்கள், எட்டு ஒலிகளும் ஒரே கனத்தில் விழாதவரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். தகிட என்பதன் முதல் எழுத்துக்கு மட்டும் சிறிது அழுத்தம் தரலாம்.

மண்டலினும் மேலைநாட்டு முறை வயலினும் ஒரே சுருதி அமைப்புக் கொண்டவை: ஜி, டி, ஏ, இ. கர்நாடக முறையில் பயின்ற நம் வயலின் வாசிப்பாளர்கள் ச, ப, ச, ப என்று சேர்ப்பவர்கள் என்பதால் அவர்கள் மாற்றிச் சேர்க்க வேண்டியிருக்கும். மெல்லிய தந்தியை ஒரேயடியாக ஏற்றினால் அறுந்துவிடும். சிறிது சிறிதாக ஏற்றுங்கள், இயன்றால் மேலைநாட்டுத் தந்தித் தொகுதி ஒன்றையே மாட்டிவிடுங்கள். சம்மணமிட்டு வாசிக்கும் பழக்கத்தையும் கமகத்தையும் விடச் சொல்லி அவரை வருத்த வேண்டியதில்லை. வில்லை மட்டும் குறுக்கி, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்ற அசைவைப் பழகினால் ஃபிடிலின் நடை வந்துவிடும். மெட்டை மோகனத்தின் ஐந்து சுரங்களில் அமைத்தால் அவருக்கும் கிற்றார்காரருக்கும் ஒரே பாதை கிடைக்கும், ஏனென்றால் இவ்விசையின் பல மெட்டுகள் அந்த ஐந்து சுரங்களையே முதுகெலும்பாகக் கொண்டவை. காந்தாரத்தைச் சில இடங்களில் சாதாரணத்திலிருந்து அந்தரத்துக்கு இழுத்துத் தொடுவது மட்டும் இங்கே வேண்டும். கமகம் பழகிய கைக்கு இது சிரமமே இல்லை.

டிரம்ஸ் பற்றிய முடிவே குழுவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்பது என் எண்ணம். நம் ஊர் நிகழ்ச்சிகளில் திரைப்பாடல் வாசித்துப் பழகிய டிரம்ஸ்காரர், அல்லது ஒக்டபாட்காரர், 2, 4 ஆகிய அடிகளில் ஓங்கி அடிப்பது வழக்கம். மண்டலினின் ‘சக்’ ஒலியும் அதே இடத்தில்தான் விழுகிறது. இரண்டும் மோதினால் மண்டலின் தோற்கும், அதோடு புளூகிராஸும் போய்விடும். ஆகவே அந்த இரண்டு அடிகளுக்கும் ஓர் உரிமையாளரை முன்கூட்டியே நியமியுங்கள். அந்த அடிகள் மண்டலினுக்கு உரியவை என்றால், தாளக்காரர் தூரிகைக் குச்சிகளால் ரயில் ஓடும் சத்தம்போல் இடைவிடாத மெல்லிய ஓட்டத்தை மட்டும் வாசிக்கட்டும். பல்லவியில் மட்டும் அவர் சிறிது ஓங்கலாம். டோலக்கை நான் சேர்க்க மாட்டேன்: அதன் நிரவல்கள் அழகானவை, ஆனால் விரல் ஓட்டம் இருக்க வேண்டிய இடைவெளிகளை அவை நிரப்பிவிடுகின்றன.

தமிழ்ச் சொல்லை இத்தாளத்தில் அமர்த்துதல்

பலர் தவறுவது இங்கேதான். ஆங்கில மெட்டொன்றை எடுத்து அதன் அசைகளை எண்ணித் தமிழை நிரப்பினால் வரி பிழையாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை தாள அடியில் விழுகிறது. தமிழில் அந்த இடம் நெடிலுக்கும், ஒற்றடுத்து நிற்கும் குறிலுக்கும் உரியது. தனிக் குறிலை அடியில் வைத்து இழுத்தால் ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும், ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

மாங்குளம் தாண்டிக் கோச்சி வரும்,
மாரி மழையோடை சேதி வரும்.

முதல் வரியில் மாங், தாண், கோச் என்பனவும், இரண்டாவது வரியில் மா, யோ, சே என்பனவும் முதல் மூன்று அடிகளில் விழுகின்றன, அத்தனையும் நெடில். ‘வரும்’ என்பது நான்காம் அடியில் தொடங்கி, ‘ரும்’ என்ற ஒற்றில் நீண்டு, மேற்குரல் வந்து சேர இடம் தருகிறது. இயைபு கடைசியில் இருந்தாலும் வரியைத் தூக்கி நிறுத்துவது தொடக்கத்து மோனை. நம் அருவி வெட்டுப் பாட்டுகளில் இதைக் கேட்கலாம். அவற்றைப் பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் ஊரில் இருந்தால், மெட்டுக்காக இல்லாவிட்டாலும், சொல் எங்கே நீள்கிறது என்று அறிவதற்காகவேனும் அவரிடம் அமர்ந்து கேளுங்கள்.

வேகத்தையும் மொழியே தீர்மானிக்கும். வேகமான புளூகிராஸ் பாட்டின் ஓட்டத்தில் தமிழின் இரட்டிக்கும் ஒற்றுகள் நசுங்கி, ‘பட்டம்’, ‘படம்’ இரண்டும் ஒன்றாகக் கேட்கும். நிமிடத்துக்கு 100 முதல் 110 அடி வரை வைத்தால் சொல்லும் தெளியும், எட்டு ஒலி ஓட்டமும் உயிரோடிருக்கும். கன்ட்ரி வடிவத்தின் தேவையும் அதுதான், கேட்பவர் முதல் தடவையிலேயே கதையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பொருளைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. ரயில், பிரிந்த வீடு, அம்மா, இறப்பு, திரும்பி வராதவர் ஆகியவையே இவ்விசையின் பழைய பொருள்கள். 1990இல் நின்று, 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் ஓடிய ரயில் நம்முடையது. இரணைமடுவின் வான்கதவு திறக்கும் நாள், காட்டோரக் காவற்பரணில் யானைக்காக விழித்திருக்கும் இரவு, ஏ9 வீதியோரத்தில் பேருந்துக்காக நிற்கும் பிள்ளை என்று எழுதினாலே போதும். ஒரு பாட்டுக்கு ஒரு நிகழ்ச்சி, ஓர் ஆள், ஓர் இடம். ‘வலி’, ‘கனவு’ போன்ற பொதுச் சொற்கள் வரியில் நுழைந்தால் வெட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்றை அங்கே வையுங்கள்.

மூன்று குரல்கள்

எல்லோரும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடிப் பழகிய நமக்கு, மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பிடிப்பது புதிது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும் பழக்கமிருக்கலாம். அத்தகைய ஒருவரைத் தேடிச் சேர்த்துக்கொள்வது நல்லது. கற்பிக்கும் முறை எளிது. ஜி கோர்ட்டில் நடுக்குரல் சட்ஜத்தைப் பிடிக்க, மேற்குரல் அதற்கு மேலுள்ள காந்தாரத்தையும், கீழ்க்குரல் கீழ்ப் பஞ்சமத்தையும் பிடிக்கட்டும். சி கோர்ட்டுக்கு மாறும்போது நடுக்குரல் அசையாமல் நிற்க, மேற்குரல் மத்தியமத்துக்கும் கீழ்க்குரல் கீழ்த் தைவதத்துக்கும் ஏறும். டி கோர்ட்டில் நடுக்குரல் ரிஷபத்துக்கு வர, மேற்குரல் பஞ்சமத்தையும் கீழ்க்குரல் கீழ் நிஷாதத்தையும் பிடிக்கும். இந்த மூன்று நிலைகளையும் சொல் இல்லாமல் ‘ஆ’ என்று பாடி, காது பழகிய பின்னரே வரிக்குச் செல்லுங்கள். மேற்குரல்காரர் அசைவு போட்டுப் பாடுவாரானால் மூன்றும் கலையும். அவர் மட்டும் சுரத்தை நேராகப் பிடிக்க வேண்டும்.

சுருதியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு மரபுகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. கன்ட்ரி பாடகருக்கு வசதியான இடத்தில் பாடும். மன்றோ தம் குரலை அதன் உச்சிக்கே கொண்டுசென்று பாடினார், அந்த இறுக்கமே அப்பாட்டின் ஏக்கம். பாட்டு முழுவதற்கும் வசதியான சுருதியை முதலில் கண்டுபிடியுங்கள். பின்பு கேப்போவை (கிற்றாரின் கழுத்தில் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பிடி) இரண்டாம் கட்டில் மாட்டி அரைச்சுரம் இரண்டு ஏற்றிப் பாருங்கள். பல்லவியின் உச்ச இடத்தில் மட்டும் குரல் சற்றே இறுகினால் அதுவே சரியான இடம். சரணத்திலும் இறுகினால் ஒரு கட்டு இறக்குங்கள்.

அமைப்பும் ஒத்திகையும்

கோர்ட் பெயர்களுக்குப் பதில் எண்களை எழுதுங்கள். 1950களின் பிற்பகுதியில் பாடகர் நீல் மத்தியூஸ் தொடங்கி நாஷ்வில் கலைஞர்கள் வளர்த்த முறை இது: சுருதி எதுவானாலும் அதன் முதற் கோர்ட் 1, நான்காவது 4, ஐந்தாவது 5. ஜியில் 1, 4, 5 என்பது ஜி, சி, டி. ச, ம, ப என்று நினைத்துக்கொண்டால் சங்கீதம் பயின்றவருக்கு உடனே விளங்கும். பாடகருக்குத் தொண்டை கட்டிய நாளில் சுருதியை இறக்கினாலும் தாளை மாற்றி எழுத வேண்டியிருக்காது.

முதற் சரணத்தைக் கிற்றாரும் பேஸும் மட்டும் தாங்கட்டும். மண்டலின் ‘சக்’ பல்லவியில் நுழையட்டும், மூன்று குரல்களும் அங்கேதான். அதன்பின் தனி வாசிப்பு. ஃபிடில் முதலில் மெட்டை அடையாளம் தெரியும்படி வாசித்த பிறகே விரல் ஓட்டக் கிற்றார் அலங்காரம் செய்யலாம். மொத்தம் மூன்றரை நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஒத்திகையைக் கைபேசியில் பதிந்து இரண்டு சோதனைகள் செய்யுங்கள். தாளக்காரரை நிறுத்திவிட்டு வாசியுங்கள். பாட்டு அப்போதும் நடந்தால் புளூகிராஸின் விசை இருக்கிறது. பிறகு ஒரு கிற்றாரும் ஒரு குரலும் மட்டும் பாடி, பாட்டை அறியாத ஒருவரிடம் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் கன்ட்ரியின் வடிவம் இருக்கிறது. முதற் சோதனையில் தோற்றால் மண்டலினையும் பேஸையும் மட்டும் தனியே அமர்த்திப் பழக்குங்கள். இரண்டாவதில் தோற்றால் வரிகளைத் திருத்துங்கள், கருவிகளைத் தொட வேண்டாம்.

மேடையும் வெயிலும்

பழைய புளூகிராஸ் குழுக்கள் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, தனி வாசிப்பவர் முன்னால் வந்து, முடிந்ததும் விலகுவார்கள். மண்டபத்தில் இது அழகாக அமையும். கோயில் வீதியிலோ பள்ளி மைதானத்திலோ, பெரிய ஒலிபெருக்கிகள் இரு பக்கமும் நிற்க, காற்றும் வீசும்போது அந்த ஒற்றை ஒலிவாங்கி கூவத் தொடங்கிவிடும். அங்கே குரல்களுக்கு ஒன்று, மண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் ஒன்று, கிற்றாருக்கும் பேஸுக்கும் நேரடி இணைப்பு என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒலி அமைப்பவர் பழக்கத்தால் எதிரொலியைக் கூட்டுவார்; இந்த இசைக்கு அது ஆகாது, ‘சக்’ என்பது ‘சச்சச்ச’ ஆகிவிடும். நிகழ்ச்சிக்கு முன்பே அவரிடம் பணிவாகச் சொல்லி அதைக் குறைக்கச் செய்யுங்கள். மின்பிறப்பாக்கியை மேடையின் பின்புறத்திலிருந்து இயன்ற அளவு தொலைவில் வைக்கச் சொல்லவும் வேண்டும்.

கருவிகளைக் காப்பதில் நம் காலநிலை இரு முனையும் கூரானது. வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் மரம் சுருங்கி மேற்பலகை வெடிக்கலாம். மாரியில் அதே மரம் ஊதித் தந்திகள் கட்டைக்கு மேல் உயர்ந்து நிற்கும். கோடையில் உறைப்பெட்டிக்குள் ஈரப் பஞ்சைத் துளையிட்ட சவர்க்காரப் பெட்டியில் வைத்து மூடுங்கள். மாரியில் அதை எடுத்துவிட்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றில் உருக்குத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும், ஆகவே வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, நிகழ்ச்சிக்கு முதல் நாளே புதிய தந்தி மாட்டி இழுத்து நிலைப்படுத்திவிடுங்கள். வாகனத்துக்குள் கருவியைப் பூட்டி வெயிலில் விட்டால் ஒட்டுப்பசை இளகி, கிற்றாரின் பாலம் பெயர்ந்து வரும். பகல் நிகழ்ச்சியானால் மேடைக்கு ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கருவிகளை மேடை நிழலில் திறந்து வைத்து, அந்தச் சூட்டுக்குப் பழகிய பின்னர் கடைசியாக ஒருமுறை சுருதி சேருங்கள்.